ஆம்ப்பில் ரிவெர்ப் போய்விட்டதா? டியூபா, டாங்க்கா, பெடலா?

டியூப் (வெற்றிடக் குழாய்) வைத்து ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்பில் ரிவெர்ப், அதாவது எதிரொலி, நின்றுபோனால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் விசாரித்தால் ஒருவர் "டியூப் மாத்திப் பாருங்க" என்பார். குழுவில் கூட வாசிப்பவர் "ஸ்பிரிங் டாங்க்தான் போயிருக்கும், புதுசு வாங்கிப் போடுங்க" என்பார். வயதில் சின்னவர் ஒருவர் வந்து, "எதுக்குண்ணே இந்தத் தொல்லை, ஒரு பெடல் வாங்கிடுங்க" என்பார். மூன்றில் எதற்கு வெள்ளியைச் செலவழிப்பது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பை வைத்தே பேசுகிறேன். 1963-ல் வந்த ஆம்ப் அது. இன்று கடையில் '65' என்ற பெயரில் கிடைக்கும் மறுபதிப்பிலும் ரிவெர்ப் அமைப்பு அடிப்படையில் அதேதான். கிட்டாரின் ஒலி 12ஏடி7 டியூப் வழியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. அங்கிருந்து ஆம்ப்பின் அடியில் பைக்குள் படுத்திருக்கும் டாங்க்குக்கு. உள்ளே ஒரு காயில் (கம்பிச்சுருள்) ஸ்பிரிங்குகளை ஆட்டுகிறது. மறுமுனையில் இன்னொரு காயில் அந்த ஆட்டத்தை மறுபடி மின்சாரமாக்குகிறது. திரும்பி வருவது மிக மெல்லிய சிக்னல். அதைத் தூக்கி நிறுத்துவது 12ஏஎக்ஸ்7 டியூபின் ஒரு பாதி. ஆக, அனுப்பும் பக்கம் ஒன்று, வாங்கும் பக்கம் ஒன்று.

முதலில் அசட்டுக் காரணங்களைத் தள்ளிவிடுவோம். இந்த ஆம்ப்பில் ரிவெர்ப் வைப்ராட்டோ சேனலில் மட்டும்தான் உண்டு; நார்மல் சேனலில் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. காலால் மிதிக்கும் ஸ்விட்ச் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அது ரிவெர்ப் சிக்னலைத் தரைக்கு இழுத்து அணைக்கும் ஸ்விட்ச். அதன் கேபிள் உள்ளே ஒட்டிக்கொண்டால் ரிவெர்ப் நிரந்தரமாக அணைந்தே கிடக்கும்.

சரி, இப்போது உண்மையான சோதனை. ரிவெர்ப் குமிழை நடுவில் வைத்து, ஆம்ப்பின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி விடுங்கள். தகரக் கூரையில் இடி விழுந்த மாதிரி ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் நல்ல செய்தி: ஸ்பிரிங்கிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் உயிரோடு இருக்கிறது, கோளாறு அனுப்பும் பக்கம். சத்தமே இல்லையென்றால் வாங்கும் பக்கம். அப்போது வால்யூமைக் குறைத்து, டாங்க்கின் அவுட்புட்டில் செருகிய கேபிளை மட்டும் கழற்றி அதன் நடு ஊசியை விரலால் தொடுங்கள். "ம்ம்ம்" என்று ஹம் வந்தால் ஆம்ப்பும் அந்தக் கேபிளும் சரி, டாங்க்தான் சந்தேகம். ஹம் வராவிட்டால் டாங்க்கைத் திட்டிப் பயனில்லை.

இனி ஒப்பீடு. டியூப் மாற்றுவதுதான் மூன்றிலும் மலிவு, ஸ்குரூடிரைவர்கூடத் தேவையில்லை. வாங்குவதற்கு முன் ஒரு தந்திரம் இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வலக்கோடியிலிருந்து மூன்றாவது டியூப் ரிவெர்ப்பை ஓட்டும் 12ஏடி7. ஆறாவது டியூபும் அதே 12ஏடி7தான், வேறு வேலை பார்க்கிறது. ஆம்ப்பை அணைத்து, டியூப் ஆறியபின் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ரிவெர்ப் திரும்பி வந்து, ஆம்ப்பின் மொத்த ஒலி சோர்ந்துபோனால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. ஒரு வெள்ளி செலவில்லை. நான்காவதான 12ஏஎக்ஸ்7 மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அதன் மறுபாதி வழியாகத்தான் சேனலின் நேர் ஒலியும் போகிறது. அந்த டியூப் முழுதாகச் செத்திருந்தால் ரிவெர்ப் மட்டுமல்ல, கிட்டாரே கேட்காது.

ரிவெர்ப் சாகவில்லை, குமிழை மூன்றுக்கு மேல் திருப்பினாலே ஒலி கிணற்றுக்குள் போய்விடுகிறது என்பவர்களுக்கும் டியூப்தான் வழி. 12ஏடி7 இடத்தில் 12ஏயு7 போட்டால் வேகம் தணியும்.

டாங்க் விஷயத்தில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். இணையத்தில் "ஃபெண்டர் ரிவெர்ப் டாங்க்" என்று தேடி முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுகிறார்கள். டாங்க்கின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: 4ஏபி3சி1பி. முதல் 4 என்றால் நீளமான, இரட்டை ஸ்பிரிங் வகை. அடுத்த ஏ என்றால் இன்புட் 8 ஓம், பி என்றால் அவுட்புட் 2250 ஓம். 3 என்பது நீண்ட நேரம் அடங்காத எதிரொலி. 4-க்கு அடுத்து வரும் ஏ, பி இரண்டில் ஒன்று மாறினாலும் டாங்க் அழகாகப் பொருந்தும், ஒலிதான் வராது. வந்தாலும் சோகையாக இருக்கும்.

வாங்கும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். மேலே சொன்ன 8, 2250 ஓம் ஒலி சிக்னலுக்கான எதிர்ப்பு; மீட்டர் காட்டுவது கம்பியின் தடை மட்டும். அதனால் கேபிள்களைக் கழற்றிவிட்டு இன்புட்டில் அளந்தால் ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவாக, அவுட்புட்டில் 200 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒரு பக்கம் எதுவும் காட்டவில்லையென்றால் அறுந்திருக்கிறது. ஆனால் அப்போதும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். சாக்கெட்டிலிருந்து காயிலுக்குப் போகும் முடி போன்ற கம்பி சாலிடர் முனையில் அறுவது சர்வசாதாரணம். கை நடுங்காதவர் என்றால் ஒரு பொட்டு ஈயத்தில் காரியம் முடிந்துவிடும்.

கேபிளையும் மறக்க வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு கேபிளின் ஆர்சிஏ பிளக் முனைகள் மங்கிப் பச்சை பிடிக்கும். துடைத்து, இரண்டு மூன்று தடவை திருகிச் செருகினாலே பல ஆம்ப்புகள் பிழைத்துக்கொள்ளும். புதுக் கேபிள் வேண்டுமானால் சிம் லிம் டவரில் கிடைக்கும். இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்ப் வாங்கி வந்து, நம் 230 வோல்ட்டுக்கு ஸ்டெப் டவுன் பெட்டி வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டியை ஆம்ப்பின் பின்னால் இடம் இருக்கிறதே என்று தள்ளி வைப்பார்கள். அதன் காந்தப் புலம் டாங்க்கின் அவுட்புட் காயிலில் ஏறி, ரிவெர்ப் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ஹம்மாக வரும். பெட்டியைத் தள்ளி வையுங்கள். டாங்க்கை மாற்ற வேண்டாம்.

அப்புறம் பெடல். "டியூப் ஆம்ப்பில் பெடல் ரிவெர்ப்பா!" என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1961-ல் ஃபெண்டர் விற்ற 6ஜி15 ரிவெர்ப் பெட்டியே ஆம்ப்புக்கு முன்னால் செருகுவதுதான். பாஸ் எஃப்ஆர்வி-1 பெடல் அந்தப் பழைய ஃபெண்டர் ரிவெர்ப்பைத்தான் நகலெடுக்கிறது. டீலக்ஸ் ரிவெர்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்பின் நடுவே பெடலைச் செருகும் வழி) கிடையாது என்பதால் பெடலும் முன்னால்தான் போகும். சுத்தமான ஒலிக்கு ஒரு குறையும் தெரியாது. ஆம்ப்பை உறும விட்டால்தான் எதிரொலியும் சேர்ந்து கலங்கும். சமூக மன்ற மேடையில் பக்கத்தில் ஆடுகிறவர்கள் குதிக்கும்போது பெடல் இடி இடிக்காது என்பது பெரிய நிம்மதி. ஆனால் மூன்றிலும் விலை கூடியது இதுதான், ஆம்ப்பின் கோளாறும் அப்படியே கிடக்கும். பழுதான டியூபுக்கு மாற்றாகப் பெடல் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீவக அடுக்குமாடி வீட்டில் சத்தம் அடக்கி வாசிக்க வேண்டும், வாரம் தவறாமல் டாக்சியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதுதான் உண்மையான தொல்லை என்றால், டியூபே இல்லாத டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பைப் பார்க்கலாம். 2019-ல் வந்தது, எடை சுமார் 10 கிலோ, டியூப் ஆம்ப்பில் ஏறக்குறையப் பாதி. பின்னால் உள்ள குமிழில் 0.2 வாட் வரை இறக்கலாம்.

டியூப் நல்லது, டாங்க் நல்லது, கேபிளும் நல்லது, ஆனாலும் ரிவெர்ப் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ரிவெர்ப் டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்களும். அதற்கு ஆம்ப்பின் இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பழகியவர் கைக்கே விடுங்கள். கொடுக்கும்போது ஆட்டிப் பார்த்ததில் இடி கேட்டதா, விரல் வைத்ததில் ஹம் வந்ததா, டாங்க்கில் எத்தனை ஓம் என்று மூன்று வரி எழுதி ஆம்ப்பின் பின்னால் ஒட்டிக் கொடுங்கள். தேடும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் கூலி போடுகிறார்கள்.