இலையுதிர்கால நிறத் துணியை நம்பி 23,400 ரூபாய் போனது: குவில்ட் தைப்பவர்கள் கவனத்துக்கு

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்குகளாகத் தைக்கும் போர்வை) தைக்க இணையத்தில் துணி வாங்குபவர்கள் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரம் முந்திக்கொள்கிறது. 23,400 ரூபாய் கொடுத்து வாங்கிய துணி, இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அப்பளம் போலச் சுருண்டுகொண்டது; விற்ற பெண்மணி என் எண்ணைத் தடை செய்துவிட்டார்; முறையிட்ட இடங்களில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். எனவே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலோசனைகளைக் கடைசியில் தருகிறேன்.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே குவில்ட் தைத்து விற்று வருகிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் அங்கே தங்க வருபவர்களுக்குக் கனமான போர்வை இல்லாமல் முடியாது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்குள்ள விடுதிக்காரர்கள்தான். இந்த முறை வந்தது வேறு விதமான ஆர்டர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் என் நாத்தனார் மகள் ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, "அத்தை, எங்கள் ஊர் இலையுதிர்கால நிறங்களிலேயே குவில்ட் தைத்துத் தர முடியுமா? எனக்கு ஒன்று, என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு" என்று கேட்டாள். அங்கே செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை மலைச்சரிவுகள் முழுவதும் நிறம் மாறி நிற்கும் என்பதால், புரட்டாசி பிறப்பதற்குள் மூன்றையும் அனுப்பிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

நம் சேர்வராயன் மலையில் அந்த நிறங்களுக்கு மாதிரி கிடையாது. காபித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் வைத்திருக்கும் சில்வர் ஓக் மரம் எந்த மாதத்திலும் மேப்பிள் போலச் சிவந்து நிற்பதில்லை. ஆகவே, அவள் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் கொண்டுவந்த மேப்பிள் இலைகளையே நிறத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டேன். ஓர் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பை ஒட்டிக் கடுகு மஞ்சளும், அதைத் தாண்டித் துரு நிறமும், விளிம்பில் மிளகாய்ப்பழச் சிவப்பும் தெரிந்தன. இலையில் பச்சையம் சிதைந்ததும், முன்பே உள்ளே இருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாக வெளியே தெரிகின்றன; சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. ஒரே இலையில் இரண்டும் கலந்து நிற்பதால், தைக்கும் இலையும் ஒற்றைச் சிவப்பில் இருந்தால் எடுபடாது. ஒரு மஞ்சளுக்குள்ளேயே மூன்று நான்கு சாயல்கள் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது வழக்கமான மேப்பிள் இலை பிளாக்; அதாவது, சிறு துண்டுகளைச் சேர்த்து இலை வடிவில் தைக்கும் ஒரு சதுரம். ஒன்பது கட்டங்களில் மூன்று முழுச் சதுரங்கள் இலையின் உடல். நான்கு கட்டங்கள் பாதி இலை நிறமும் பாதிப் பின்னணியுமான முக்கோண இணைகள். ஒன்று வெறும் பின்னணி. மீதமுள்ள மூலைக் கட்டத்தில் சாய்வாகக் காம்பு. 12 அங்குல பிளாக்குகளை வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை வைத்து, சுற்றிலும் பார்டர் கொடுத்தால் ஒரு போர்வைக்குச் சரியாக இருக்கும். பின்னணி முழுவதும் வெண்ணெய் நிறம். சிவப்பும் மெரூனும் கொஞ்சம் சாயம் விட்டாலும் அந்த வெண்ணெய் நிறம் ரோஸாகிவிடும் என்பதால், இலையுதிர்கால நிறங்களில் தைப்பவர்கள் மற்ற எதையும்விடச் சாயத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

சேலத்தில் துணிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். முதல் அக்ரகாரத்தில் ஏறி இறங்கினால் ஒற்றை நிறக் காட்டன் வேண்டிய அளவுக்குக் கிடைக்கும். படுக்கை விரிப்பு என்றால் சென்னிமலையும் கரூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒரே நிறத்தின் பல சாயல்களில் பொடி இலைகள் அச்சிட்ட, நெருக்கமாக நெய்த, 44 அங்குல அகலமுள்ள குவில்ட் காட்டன் இங்கே எளிதில் அகப்படுவதில்லை. வெளிநாட்டுச் சரக்கோ, நான் விசாரித்த இடங்களில் மீட்டர் ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான், படங்களைப் பகிரும் செயலி ஒன்றில் துணிக்கடையாக நடக்கும் ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. ஏற்றுமதிக்கு அச்சிட்டு மிஞ்சிய குவில்ட் காட்டன், இலையுதிர்காலத் தொகுப்பு, மீட்டர் 650 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். விலை குறைவு என்பதற்காக நான் உடனே பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 150 ரூபாய் கட்டி, மாதிரித் துண்டுகளைத் தபாலில் வரவழைத்தேன். அவற்றில் செய்ய வேண்டிய சோதனைகள் அனைத்தையும் செய்தேன். நனைத்த வெள்ளை வேட்டித் துண்டால் மெரூனை அழுத்தித் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. நூலை உருவி எரித்தேன். காகிதம் எரியும் வாடை வந்து, விரலில் பொடியும் சாம்பல் மிஞ்சியது. காட்டனுக்குரிய சூட்டில் நீராவி விட்டு இஸ்திரி போட்டேன், அசையவில்லை. அத்தனையும் அசல் பருத்தி.

அதற்குமேல், அந்தப் பெண்மணி பேசிய விதம். "அக்கா, உங்களிடம் இருக்கிற இலையைப் படமெடுத்து அனுப்புங்கள், அதற்குப் பொருந்துகிற துணியை நானே எடுத்து வைக்கிறேன்" என்றார். அனுப்பினேன். அந்தப் படத்தை அவர் காகிதத்தில் அச்சிட்டு, மேசைமேல் வைத்து, பக்கத்தில் துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்துக் காணொளி எடுத்து அனுப்பினார். கடுகு மஞ்சளுக்கு நேரே கடுகு மஞ்சள், துருவுக்கு நேரே துரு. துணியின் கரையை நகத்தால் திருப்பி, அச்சில் எத்தனை நிறங்கள் சேர்ந்தன என்பதைக் காட்டும் வண்ணப் புள்ளிகளைக்கூட அருகில் காட்டினார். தொழில் தெரிந்தவர் மட்டுமே காட்டக்கூடிய இடம் அது. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் என் மனத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. மூன்று குவில்ட்டுக்கும் மேல்பக்கம், அடிப்பக்கம், விளிம்புப் பட்டி எல்லாம் சேர்த்து 36 மீட்டர், ஆக 23,400 ரூபாய். பாதியை முதலிலும் மீதியைச் சரக்கு வந்த பிறகும் தருகிறேன் என்றேன். பெங்களூரிலிருந்து ஒருவர் மொத்தச் சுருளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், துணியை வெட்டிவிட்டால் வேறு யாருக்கும் விற்க முடியாது என்று நயமாகச் சொல்லி, முழுத் தொகையையும் யூபிஐ வழியாக வாங்கிக்கொண்டார்.

பார்சல் வந்தபோது, தூக்கியதுமே எடை இடித்தது. 44 அங்குல அகலமுள்ள நல்ல குவில்ட் காட்டன் மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிராம் இருக்கும். 36 மீட்டருக்கு ஐந்தே முக்கால் கிலோ வர வேண்டும். கூரியர் சீட்டில் 3.4 கிலோ என்றிருந்தது. பிரித்தால், மேலே அடுக்கியிருந்த இரண்டு மடிப்புகள் மட்டும் மாதிரியில் வந்த அதே பருத்தி. அவற்றுக்குக் கீழே இருந்தவை வேறு துணி. மேல்பக்கம் அதே இலை அச்சு, அதே நிறம். திருப்பினால் பின்பக்கம் வெளுத்துப் போய், கரையில் புள்ளிகள் இல்லாமல், அகலமும் 36 அங்குலம்தான். நூலை உருவி எரித்தபோது கரும்புகை கிளம்பி, நுனியில் கெட்டியான மணி ஒன்று உருண்டு நின்றது. பாலியெஸ்டர்.

ஒரே ஒரு முக்கோண இணையைத் தைத்துப் பார்த்தேன். ஐந்து அங்குலச் சதுரங்கள் இரண்டை எதிரெதிரே வைத்து, குறுக்குக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, வெட்டி, விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வெண்ணெய் நிறப் பருத்தி அப்படியே இருக்க, துரு நிறத் துணி மட்டும் தையலிலிருந்து உள்பக்கமாகச் சுருங்கி, நாலரை அங்குலமாகத் திருத்த வேண்டிய கட்டம் நான்கு அங்குலம்கூட வரவில்லை. இலையின் கூர்முனை வளைந்துவிட்டது. மெரூனை நனைத்துத் தேய்த்ததில் வேட்டித் துண்டு ரோஸானது. இந்தத் துணியில் ஓர் இலைகூட அமையாது.

அன்றே படங்களுடன் எழுதினேன். முதல் பதில்: "அக்கா, நீராவி விட்டிருப்பீர்கள், அதனால்தான்." மாதிரித் துணிக்கு அதே நீராவியைத்தானே விட்டேன் என்றேன். அதற்கு, ஒவ்வொரு சாய வரிசையிலும் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியிலும்) சிறு வேறுபாடு இருக்கும் என்றார். பருத்தி பாலியெஸ்டராக மாறுவது எந்தச் சாய வரிசையில் என்று கேட்டேன். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுத்தீர்களா என்று எதிர்க்கேள்வி வந்தது. எடுத்திருந்தேன், அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: வெட்டிய துணியைத் திரும்பப் பெறுவதில்லை. நான் வெட்டியது இரண்டு சதுரங்கள், மீதி மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றதும், கணக்குப் பார்ப்பவர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை அழையுங்கள் என்றார். திங்கட்கிழமை வேறொரு குரல் வந்து, அடுத்த முறை வாங்கும்போது 1,500 ரூபாய் கழித்துக்கொள்வதாக ஏதோ தர்மம் செய்வது போன்ற தொனியில் சொன்னது. 23,400 ரூபாயை வாங்கிக்கொண்டு 1,500 ரூபாய்த் தள்ளுபடி, அதுவும் அவர்களிடமே மறுபடி வாங்கினால்! மறுத்தேன். அன்று மாலையே என் எண்ணையும் கணக்கையும் தடை செய்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்னும் நடக்கிறது. என் இலையை அச்சிட்டு எடுத்த அதே காணொளியை இப்போது விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று என் தோழி எடுத்துக் காட்டினாள்.

செயலிக்குப் புகார் அனுப்பினால், அந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று இயந்திரத்தனமாக ஒரு வரிப் பதில். வங்கிக்குப் போனால், நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். கூரியர்காரர்கள், பெட்டி சேதமில்லாமல் ஒப்படைக்கப்பட்டது, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அனுப்பியவரின் முழு முகவரியையும் தர மறுத்துவிட்டார்கள். ஏதோ நான்தான் இனாமாகக் கேட்டு வந்தது போல ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். இதற்கிடையில் நாத்தனார் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பது தனிச் சங்கடம். இப்போதைக்கு ஒற்றை நிறக் காட்டன்களை அக்ரகாரத்தில் வாங்கி, சாயல்களை அடுத்தடுத்து வைத்து ஒரு குவில்ட்டையாவது முடிக்கப் பார்க்கிறேன்.

விரிவான ஆலோசனை என்று தொடங்கினேன். எழுதத் தெம்பில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரித் துண்டு தேறிவிட்டது என்பதை வைத்து மொத்தச் சரக்கை நம்பாதீர்கள். மாதிரி வேறு, வருவது வேறு. எவ்வளவு இனிக்கப் பேசினாலும் முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும் முன்பே கூரியர் சீட்டில் எடையைப் பாருங்கள். மேல் மடிப்போடு நிற்காமல் அடி மடிப்பிலிருந்தும் நூலை உருவி எரித்துப் பாருங்கள். பிரிப்பதைக் காணொளி எடுங்கள். பணமோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-இலும், பொருள் தொடர்பான புகாருக்கு நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதிவு செய்யுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

என் புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசைமேல் இலைப் படத்தை வைத்து, பக்கத்தில் துணிச் சுருளை விரித்துக் காட்டும் காணொளியைப் பார்த்து நீங்களும் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய ரசீதையும் கூரியர் சீட்டையும் அழித்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்; 23,400 ரூபாய்க்கு ஒருத்தியாகப் போராடுவதைவிட, நான்கு பேர் ரசீதுகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த முகவரியையாவது கேட்டு வாங்கலாம்.