எலும்புக்குப் போனதா, கல்லீரலுக்குப் போனதா?

புராஸ்டேட் புற்றுநோய் பரவிவிட்டது என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது போவது எலும்புக்கு, அதிலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு. வலி படுத்தி எடுக்கும். தண்டுவடத்தை அழுத்தி கால் மரத்துப்போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனாலும் கதிர்வீச்சு, எலும்பைக் காக்கும் ஊசி, எலும்பில் போய்ப் படியும் கதிரியக்க மருந்தான ரேடியம்-223 என்று வழிகள் உண்டு.

கல்லீரல் அப்படியில்லை. தொடக்கத்தில் வலியே இருக்காது, சிலருக்கு இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவுகூடப் பெரிதாக ஏறாது (நோயின் குணமே மாறியிருக்கலாம், அதனால்தான் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி கேட்பார்கள்), ரேடியமும் இங்கே உதவாது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தை எடுத்தவர்களைப் பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-இல் வந்த கூட்டாய்வில் எலும்புக்குப் பரவியவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள்) சுமார் 21 மாதம், கல்லீரலுக்குச் சுமார் 13.5 மாதம், பெரிய வித்தியாசம்தான், ஆனால் அதற்குப் பிறகு மருந்துகள் நிறையவே மாறிவிட்டன.