ஈபி பில், ஃபேன், சோலார், பேட்டரி: எங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கு எது முதலில்?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கிற எங்கள் வீட்டில், கோடையில் இரண்டு மாதத்துக்கு எடுத்த கரண்டு கணக்கு 620 யூனிட், 3,069 ரூபாய். அதே வீட்டில் மார்கழியில் எடுத்தது 420 யூனிட், 1,301 ரூபாய். யூனிட் ஒன்றரை மடங்கு ஆவதற்குள் பணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அன்றைக்குத்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

காரணம் 500 யூனிட் என்ற கோடு. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான், பிறகு 400 வரை 4.70, 500 வரை 6.30. கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், அதற்கும் 4.70 ஆகிவிடுகிறது. மேலே ஓடுவது 8.40, அப்புறம் 9.45. சரியாக 500 ஓடினால் 1,805 ரூபாய், 510 ஓடினால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்!

எட்டு வருஷம் ஏறாமல் இருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது. அதோடு ஒவ்வொரு ஜூலையும் விலைவாசியை ஒட்டி ஏற்றவும் வழி செய்துவிட்டார்கள். 2024இல் 4.83 சதவீதம்; 2025இல் 3.16 சதவீதம், அதில் வீடுகளுக்கு விலக்கு. ஒடிசாவின் தால்சேரில் வெட்டுகிற நிலக்கரி ரயிலில் பாராதீப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, எரிந்து, அதற்கப்புறம்தான் நம் வீட்டு ஃபேன் சுற்றுகிறது. அந்த விலை இறங்கும் என்று நான் நம்பவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் சுவாசிக்கிற சாம்பலுக்கு எந்த பில்லிலும் கணக்கே இல்லை.

சோலாரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். 2024இல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 மானியம். எனக்கு இரண்டு கிலோவாட்டுக்குச் சொன்ன விலை 1,40,000, மானியம் போகக் கைக்காசு 80,000. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். கோடை பில் 94 ரூபாய்க்கு இறங்கும், மற்ற மாதங்களில் ஒன்றுமே வராது. வருஷத்துக்கு 11,000 சொச்சம் மிச்சம், ஏழு வருஷத்தில் போட்ட பணம் திரும்பும், பலகையோ இருபத்தைந்து வருஷம் உழைக்கும். நல்ல கணக்குதான்.

ஆனால் ஃபேனைக் கணக்குப் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது.

எங்கள் வீட்டில் ஓடுவது ஆறு பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். அதே காற்றைத் தருகிற பிஎல்டிசி ஃபேனுக்கு, அதாவது கரண்டு மிச்சம் பிடிக்கிற மோட்டார் வைத்த ஃபேனுக்கு, 30 வாட் போதும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட் குறையும். 620 என்பது 458 ஆகிறது, கோட்டுக்குள்ளே வந்துவிடுகிறது, 3,069 ரூபாய் பில் 1,540 ஆகிறது. ஃபேன் ஒன்று மூவாயிரம் என்றால் மொத்தம் 18,000, மூன்றே வருஷத்தில் கைக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் ஒரு துளை போட வேண்டாம், யாரிடமும் கையெழுத்து கேட்க வேண்டாம்.

வீட்டையும் ஒரு போட்டியாளராகச் சேர்க்க வேண்டும். சித்திரை மதியம் இரண்டு மணிக்கு, முற்றத்தைச் சுற்றி இருக்கிற வளவில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், ஆத்தங்குடிக் கல் தரை உள்ளங்காலில் சில்லென்று இருக்கும். கனத்த சுவர், அடுக்கடுக்காகப் போட்ட நாட்டு ஓடு, சூட்டை மேலே இழுத்துவிடுகிற முற்றம், எதற்கும் யூனிட் ஓடாது. ஏசி இருப்பது பிற்காலத்தில் மாடியில் கட்டின கான்கிரீட் அறையில் மட்டும்தான். அந்த ஒரு அறைதான் எங்களை 500க்கு மேலே தள்ளுகிறது. இந்தக் கோடையில் படுக்கையைக் கீழே இருக்கிற பட்டாலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம், பிள்ளைகள் இரண்டு நாள் முனகினார்கள், அப்புறம் பழகிவிட்டது. பழைய ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பேட்டரி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. "கரண்டு போனா சோலாரும் போகுமாப்பா?" என்று ஆத்தா கேட்டார்கள். ஆமாம், போகும். ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார், லைனில் மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் கரண்டு பாயும். இதைச் சொல்லாமலே விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் கேட்டுவிடுங்கள். பேட்டரி வைத்தால் இருட்டு இருக்காது, ஆனால் சாதாரண ஈய பேட்டரியை நான்கைந்து வருஷத்தில் மாற்றவேண்டி வரும், சோலாரில் மிச்சம் பிடித்ததை அதுவே விழுங்கிவிடும். இரண்டு ஃபேனும் நான்கு லைட்டும் தாங்குகிற சின்ன இன்வெர்ட்டர் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது. நல்ல பேட்டரி மலிவாக வரும் நாளில் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுவேன்.

ஜெனரேட்டரைக் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஃபேனை மாற்றிய பிறகு சோலார் லாபம் சுருங்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. 458 யூனிட் வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதும், மானியம் போக 40,000 என்று வைத்தாலும் பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டில் காசுக்காக சோலார் போடத் தேவையே இல்லை. இரண்டு ஏசி ஓடுகிற வீடு யோசிக்காமல் போடலாம். நான் போடப்போவது ஒரு கிலோவாட். ஒன்பது வருஷம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நம் தலைக்கு மேலே இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு ஒடிசாக் கரியை எரிப்பதுதான் உறுத்துகிறது.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் பலகையைவிடக் கஷ்டம் காகிதம். எங்கள் சர்வீஸ் இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பெயரும் இணைப்பில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மொட்டைமாடியோ ஆறு புள்ளிக்கும், அதாவது ஆறு பங்காளிக் குடும்பத்துக்கும் பொது. பெரியப்பச்சி வீட்டில் சரி என்றுவிட்டார்கள், சென்னையில் இருக்கிற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மலேசியாவில் இருக்கிற சித்தப்பச்சியும் இன்னொரு பங்காளியும்தான் பாக்கி. அவர்களும் படைப்புக்கு வருகிறார்கள். காகிதத்தை ஐயா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.