மிஞ்சும் சர்க்கரை: கிடங்கா, கப்பலா, எத்தனாலா?

இந்தியாவில் சர்க்கரை போதுமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் உற்பத்திக் கணக்கைத்தான் எடுப்பார்கள். பார்க்க வேண்டியது அக்டோபர் 1 அன்று கிடங்கில் கிடக்கும் மூட்டைகளை. சர்க்கரை ஆண்டு அன்று தொடங்குகிறது; ஆலைகள் அரவையில் முழு வேகம் பிடிக்க நவம்பர் கடைசி ஆகிவிடும். அதுவரை நாடு பழைய சரக்கில்தான் டீ குடிக்கிறது. மாதச் செலவு ஏறக்குறைய 23 லட்சம் டன். இரண்டரை மாதத்துக்கு 55 முதல் 60 லட்சம் டன் இருந்தால் பயமில்லை.

2006-07இல் உற்பத்தி 283 லட்சம் டன். இரண்டே ஆண்டில், 2008-09இல், 145 லட்சம் டன்னாகச் சரிந்தது. சரக்கு மிஞ்சியது, விலை விழுந்தது, கரும்புப் பணம் நிலுவையில் நின்றது, விவசாயி வேறு பயிருக்குப் போனார். 2019 அக்டோபர் 1 அன்று கையிருப்பு மட்டுமே அதே 145 லட்சம் டன்! ஒரு காலத்தில் நாடு முழுவதும் ஓராண்டில் அரைத்த சர்க்கரை, இன்னொரு காலத்தில் விற்காத மூட்டையாகக் கிடந்தது. அதைக் குறைக்க மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, அரசு செலவில் தேக்கி வைப்பது. 2018இல் 30 லட்சம், 2019இல் 40 லட்சம் டன். வட்டி, கிடங்கு, காப்பீட்டுச் செலவை அரசு தந்தது. அந்தப் பணம் கரும்பு நிலுவைக்குப் போனது. ஆனால் ஒரு மூட்டைகூடக் குறையாது. இரண்டு மழைக்காலம் கண்ட சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டிபட்டு, நிறம் மங்கி, விலையும் குறையும். இது வழியே அல்ல, தவணை.

இரண்டாவது வழியான கப்பல், அதாவது ஏற்றுமதி, வேகமானது. 2019-20இல் 60 லட்சம் டன் ஏற்றுமதிக் கோட்டா, டன்னுக்கு ரூ.10,448 மானியம். அடுத்த ஆண்டு ரூ.6,000, உலக விலை ஏறியதும் ரூ.4,000. 2021-22இல் மானியமே இல்லாமல் சுமார் 110 லட்சம் டன் போனது, கையிருப்பு 60 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. உடனே, 2022 ஜூனில், கட்டுப்பாடும் வந்துவிட்டது. 2023-24இல் கோட்டாவே கிடையாது. மானியம் கொடுத்த காலத்துக்காக உலக வர்த்தக அமைப்பின் குழு 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது தனிக் கதை. இந்த வழியின் பெரிய ஓட்டை நேரம்தான். ஏப்ரலில் பிரேசில் அரவை தொடங்கும். அதற்குள் விற்றால்தான் நல்ல விலை. அனுமதி ஜனவரியில் வந்தால் (2024-25இன் 10 லட்சம் டன் அப்படித்தான் வந்தது) பாதிப் பருவம் முடிந்திருக்கும். வெளிநாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் கேட்பது கச்சாச் சர்க்கரை. நம் ஆலையோ அதற்குள் வெள்ளைச் சர்க்கரையாக மூட்டை கட்டியிருக்கும்.

மூன்றாவது வழி, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். இதில் கணக்கு நுணுக்கமானது. சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கு) 10 சதவீதம் உள்ள ஒரு டன் கரும்பை எடுத்துக்கொள்வோம். கடைசிக் கழிவுப்பாகு (சி-ஹெவி மொலாசஸ்) வரை காய்ச்சினால் 100 கிலோ சர்க்கரையும் சுமார் 11 லிட்டர் எத்தனாலும். ஒரு கொதிப்பு முன்னதாக நிறுத்தினால் (பி-ஹெவி) சுமார் 85 கிலோ, 21 லிட்டர். சாற்றையே அனுப்பினால் சர்க்கரை கிடையாது, 70 லிட்டர். 2024-25 கொள்முதல் விலை லிட்டருக்கு முறையே ரூ.57.97, ரூ.60.73, ரூ.65.61. சர்க்கரை கிலோ ரூ.38 என்றால் வரவு: சி-ஹெவியில் ரூ.4,438, பி-ஹெவியில் ரூ.4,505, சாற்றில் ரூ.4,593. வடிப்புச் செலவைச் சேர்க்காத கணக்கு இது. சர்க்கரை ரூ.39ஐத் தாண்டியதும் சாறு தோற்கும், ரூ.42.50 வரை பி-ஹெவி முன்னிற்கும். அதற்கு மேல் பேசாமல் சர்க்கரையே காய்ச்சலாம். எண்ணெய் நிறுவனங்கள் சில வாரங்களில் பணம் தந்துவிடும், சர்க்கரையோ அரசின் மாதாந்திர விற்பனைக் கோட்டாப்படி மெதுவாக விற்கும். அந்த வட்டியையும் சேர்த்தால் எத்தனால் பக்கம் இன்னும் கொஞ்சம் சாயும்.

எத்தனாலின் இந்த மூன்று முறைகளில் பி-ஹெவிதான் எங்கள் தேர்வு. மொலாசஸைத் தொட்டியில் தேக்கிப் பருவம் முடிந்த பிறகும் வடிக்கலாம். சாறு தேங்காது, அரவை நடக்கும்போதே ஓட வேண்டும். 2023 டிசம்பர் 7இல் சாற்று எத்தனாலுக்குத் தடை வந்து, ஒரு வாரத்தில் 17 லட்சம் டன் சர்க்கரை வரை எத்தனாலுக்குத் திருப்பலாம் என்ற வரம்போடு தளர்ந்தபோது முதலில் அடிபட்டவை சாற்றை நம்பியிருந்த வடிப்பாலைகள். போதாததற்கு, அந்த ஆண்டிலிருந்து மக்காச்சோளம், அரிசி எத்தனால் கரும்பை முந்திவிட்டது. ஆலை நினைத்தாலும் வாங்க ஆள் வேண்டுமே.

கரும்பே குறைந்தால் மூன்று வழியும் அடைபடும். உத்தரப் பிரதேசத்தைத் தூக்கி நிறுத்திய கோ 0238 ரகம் இப்போது செவ்வழுகல் நோயில் தள்ளாடுகிறது. 2024-25இன் 261 லட்சம் டன் என்பது எத்தனாலுக்குப் போனது கழிந்த நிகரக் கணக்கு. 2017-18இன் 325 லட்சம் டன்னோடு ஒப்பிடும் முன், சுமார் 35 லட்சம் டன்னை அதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.