வால்பாறை விலங்கு நடத்தைப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

சமவெளியிலுள்ள ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை, வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை செல்லும் வழியிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் பொதுமக்களுக்கு நடத்தும் வார இறுதிப் பயிற்சி இது. களப்பகுதி கொடுத்த காசுக்கு மேலேயே தந்தது. வகுப்பறைப் பகுதியைத்தான் மாற்றியாக வேண்டும்.

களத்தில் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். சோலைமந்திக் கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்து, பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் அது செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுத வேண்டும். பிறகு குறித்த இடைவெளிகளில் கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்து, எது என்ன செய்கிறது என்று பதிய வேண்டும். பலாச்சுளைகளைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஒரு பெண்குரங்கு கிளைக்கு மறுபுறம் நழுவியபின், என் தாளில் 'கண்ணுக்குப் படவில்லை' என்ற வரியே மிகுந்தது. 'கோபப்பட்டது' என்று எழுதிய ஒருவரிடம், "சார், நீங்க பார்த்தது அது பல்லைக் காட்டினதை மட்டும்தானே?" என்று ஆய்வு மாணவி கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே கட்டணம் தகும்.

வகுப்போ, விலங்கு நடத்தை ஆய்வின் முன்னோடிகளான லோரன்ஸ், டின்பெர்கன், ஃபான் ஃபிரிஷ் ஆகிய மூவரும் 1973இல் நோபல் பரிசு பெற்றதோடு நின்றுவிட்டது. அதன்பின் நம் பல்கலைக்கழகங்களில் இத்துறை எங்கெங்கே ஒண்டியிருந்தது என்பதல்லவா நமக்கு வேண்டிய கதை? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் வௌவால்களின் உயிரியல் கடிகாரத்தை, அதாவது இரவுபகலுக்கேற்ப உடலுக்குள் ஓடும் தாளத்தை, ஆராய்ந்தார். மைசூரில் மேவா சிங்கின் குரங்கு ஆய்வு உளவியல் துறையில் வளர்ந்தது. பெங்களூரில் ராகவேந்திர கடக்கரின் குளவி ஆய்வுக்கு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் இடம் கொடுத்தது. கோவை அருகே ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையமும் 2023இல் இந்திய வனவுயிர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. எந்த வீட்டில் குடியிருக்கிறதோ அந்த வீட்டின் கேள்விகளையே இத்துறை கேட்கப் பழகியிருக்கிறது: சூழலியலில் இருந்தால் வாழிடம், நரம்பியலில் இருந்தால் மூளை. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் செய்முறை வகுப்புகளில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னபோது, கத்தியிருந்த இடத்துக்கு நோட்டுப்புத்தகம் வர வழி பிறந்தது. இதையெல்லாம் ஒருங்கிணைப்பாளர் நன்கறிந்தவர்தான். தேநீர் வேளையில் அரைமணி நேரம் சுவையாகப் பேசினார். அதையே வகுப்பில் பேசியிருக்கலாம்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. தமிழும் மலையாளமும் பேசுவோர் சரிபாதியாக வரும் இடத்தில் இது பெருங்குறை. கல்லூரி மாணவர்களுக்கும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குரங்கைப் படமெடுக்க மட்டும் வருவோருக்கு அலுப்புத் தட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் அட்டையும் மிகுதி என்பதால், அந்த மாதங்களைத் தவிர்த்துப் பதிவு செய்வது நல்லது.