திமூர் வாங்குபவர்கள் கவனம்: காசு தோலுக்கு, பொதியில் விதை

திமூர் என்பது காயின் தோலுக்காக வாங்கும் ஒரு வாசனைச் சரக்கு. யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் 'நேபாளத் திமூர், முதல்தரம்' என்று ஒட்டியிருந்த 100 கிராம் பொதியைப் பிரித்துத் தட்டில் கொட்டினால், பாதிக்கு மேல் கறுப்பு விதை. மிச்சத்தில் காம்பும் முள்ளும். தோல் கொஞ்சம்தான், அதுவும் வெளிறியது. திருப்பிக் கொண்டுபோனபோது, "விதையிலதான் உறைப்பு இருக்கு" என்றார் கடைக்காரர். பிரித்த பொதி என்று காசும் தரவில்லை.

அவர் சொன்னது முழுப் பிழை. பார்க்க மிளகுபோல இருந்தாலும், திமூர் மிளகுக் கொடியின் இனமே அல்ல. தேசி, தோடை, கறிவேப்பிலை, விளா எல்லாம் சேர்ந்த குடும்பத்து முட்செடி, இமயமலைச் சரிவுகளில் காட்டுச்செடியாக வளர்வது. சிச்சுவான் மிளகுக்கும் கொங்கணத்தார் மீன்கறியில் போடும் திர்ஃபலுக்கும் நெருங்கிய சொந்தம். நாக்கை விறைக்கவைக்கும் சான்ஷூல் என்ற பொருளும் மணம் தரும் எண்ணெயும் காயின் வெளித்தோலில்தான் இருக்கின்றன. விதையை அரைத்தால் பல்லில் மணல்போல நெருடும், வேறு பயனில்லை. காய் காய்ந்து வெடித்ததும் விதை தானாகக் கழன்றுவிடும். அதை நீக்காமல் விற்றால் நிறை கூடும், வாங்குபவர் குப்பைக்குக் காசு கொடுக்கிறார்.

உள்ளே தெரியாத பொதியை வாங்கவே வேண்டாம். நல்ல சரக்கு வாய்பிளந்த வெறுந்தோலாக, செம்மண் சாயல் கொண்ட கபில நிறத்தில் இருக்கும். இரண்டு தோலை விரலால் கசக்கினால் தேசித்தோல் மணம் எழவேண்டும். ஒன்றை முன்பல்லால் கடித்து ஒரு நிமிடம் பொறுங்கள். எச்சில் ஊறி நுனிநாக்கு விறுவிறுக்காவிட்டால் அது பழசு. வெயில்படும் கண்ணாடிப் போத்தலில் கிடந்த சரக்குக்கு இதுதான் கதி: வெளிச்சமும் காற்றும் சான்ஷூலைச் சிதைத்துவிடும். தூளாக்கினது இன்னும் கெதியாகக் கெடும். அதில் விதை கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எறியவேண்டாம். சுளகில் மெதுவாகப் புடைத்தால் பாரமான விதை ஒதுங்கும், முள்ளைக் கையால் பொறுக்குங்கள். தோலை மெல்லிய நெருப்பில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள், கருகினால் கசக்கும். இடித்து அரிதட்டில் அரித்து, மேலே தங்கும் வெள்ளைச் சக்கையை எறிந்துவிடுங்கள். நாலு தக்காளி போட்ட சட்னிக்குக் கால் தேக்கரண்டி போதும், அதையும் இறக்கும்போதே தூவுங்கள். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முன்னாலேயே பொதியைப் பிரித்துப் பாருங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். ஏமாந்திருந்தால் பற்றுச்சீட்டோடும் பொதியோடும் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1977.