பெயர் வைப்பதற்கு முன் தேட ஒரு தளம்: குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்

சோப்புத் தொழிலுக்கு நாங்கள் வைத்த முதல் பெயரை வக்கீல் நோட்டீஸ் வந்து கைவிட வேண்டியதாகிவிட்டது. பதிவு வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் "பெயர் காலியாகத்தான் இருக்கு" என்று சொன்னார்கள், ஆனால் அவர்கள் பார்த்தது கம்பெனிப் பதிவேட்டை மட்டும். கம்பெனிப் பெயர் கிடைப்பதும் டொமைன் கிடைப்பதும் வேறு, டிரேட்மார்க், அதாவது பொருளின் பெயருக்கும் லோகோவுக்கும் உள்ள வணிகக் குறி உரிமை, வேறு என்பது அச்சடித்த லேபிள்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்த பெயருக்கு நானே உட்கார்ந்து தேடினேன். பயன்படுத்தியது வைப்போ, அதாவது ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ். முழுக்க இலவசம். பல நாடுகளின் டிரேட்மார்க் பதிவுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒலியை வைத்துத் தேடும் வசதி. பெயரை அப்படியே அடித்தபோது ஒன்றுமே வரவில்லை, சந்தோஷமாகிவிட்டது. அப்புறம் ஒலித் தேடலுக்கு மாற்றினேன். நாங்கள் 'கே' போட்டு எழுதியதை 'சி' போட்டு வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தார், அதுவும் டிரேட்மார்க் பதிவில் சோப்பு, அழகுப் பொருட்கள் வரும் 3-ஆம் வகுப்பிலேயே. எழுத்து வேறாக இருந்தாலும் காதில் ஒன்றாக விழுந்தால், வாங்குபவர் குழம்புவாரா என்றுதான் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆங்கில எழுத்தில் 'ழ'வை ஒருவர் 'எல்' என்று எழுதுவார், இன்னொருவர் 'இசட் எச்' என்று எழுதுவார், நெடிலுக்கு ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், அத்தனையையும் அடித்துப் பார்த்தால்தான் நிம்மதி.

வகுப்பு எண்ணைக் கொடுத்து வடிகட்டலாம். டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள், முதல் 34 பொருட்களுக்கு, மீதி சேவைகளுக்கு. ஆனால் உங்கள் வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சோப்பு என்றால் அழகு நிலையங்கள் வரும் 44-ஐயும் சில்லறை விற்பனை வரும் 35-ஐயும் நான் பார்த்தேன். லோகோவின் படத்தைப் போட்டு அதுபோல் இருப்பவற்றையும் தேடலாம், நன்றாகவே வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. எல்லா நாடுகளும் இதில் இல்லை, அதனால் நீங்கள் விற்கப்போகும் நாட்டின் டிரேட்மார்க் அலுவலகத் தளத்தில் தனியாக ஒரு முறை தேடியே ஆக வேண்டும். பதிவே செய்யாமல் பல வருடமாகப் புழங்கும் பெயர்களும் இதில் வராது, பல நாடுகளில் அப்படிப் புழங்குபவர்களுக்கும் உரிமை இருக்கிறது. அதற்கு சாதாரண இணையத் தேடல், கடைத் தளங்கள், சமூக வலைதளம் என்று நான் இரண்டு நாள் அலைந்தேன்.

புதிதாகத் தேடுபவருக்கு முடிவுப் பட்டியல் கொஞ்சம் மிரட்டும். ஒவ்வொரு பெயரின் நிலையையும் பாருங்கள். இன்னும் பரிசீலனையில் இருப்பதை 'பதிவாகவில்லையே' என்று விட்டுவிடாதீர்கள், அது நாளைக்கே பதிவாகலாம். நாங்கள் தேடிச் சலித்தெடுத்த மூன்று பெயர்களை மட்டும் வக்கீலிடம் கொண்டுபோனோம், அவர் இரண்டை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். புது லேபிள் அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போனது.